பௌத்தருக்கு அநித்தியம் போதிப்பவர்கள்

நம்முடைய சர்வகலாசாலை நூல்நிலையம் ஒன்றில், டாக்டர் பட்டத்துக்காகச் சமர்ப்பிக்கப்பட்ட தமிழ் ஆய்வேடுகளை அடுக்கி வைத்திருக்கும் பகுதிக்குச் சென்று, கெட்டி அட்டைகளின் முதுகில் பொன்னிற எழுத்துக்களில் அச்சிட்டிருக்கும் தலைப்புக்களை மாத்திரம் வரிசையாக வாசித்துக்கொண்டு போகிறவருக்கு, அவற்றுள் எத்தனையோ 'ஓர் ஆய்வு' என்ற இரண்டு சொற்களில் முடிவதும், அந்த இரண்டு சொற்களுக்கு முன்னால் ஓர் ஆசிரியரின் பெயரும், 'பெண்கள்', 'சமுதாயம்', 'மனித நேயம்' என்பன போன்ற ஒரு பொதுச்சொல்லும் நிற்பதும் கண்ணில் படாமல் போகா. ஆராயப்பட்ட பொருள் இன்னதென்று அத்தலைப்புக்கள் தெரிவிக்கின்றனவே ஒழிய, ஆராய்ந்தவர் கண்டது இன்னதென்று தெரிவிப்பதில்லை. ஏட்டைத் திறந்து, இயல் இயலாகக் கடந்து, முடிவுரைக்கு வந்து சேர்ந்த பிறகும் பல சமயங்களில் அந்தக் குறை தீர்வதில்லை. இன்ன ஆசிரியரின் நாவல்களில் பெண்களின் நிலை பல கோணங்களில் சித்திரிக்கப்பட்டிருப்பதை அறிய முடிகிறது என்ற அளவில் முந்நூறு பக்கங்கள் நிறைவு பெற்றுவிடுகின்றன.

உழைப்பிலே குறைவென்று நான் சொல்ல மாட்டேன். பழம் பத்திரிகைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களும், ஆயிரக்கணக்கான பாடல்களை அட்டைகளில் வகைப்படுத்தி எழுதி வைத்தவர்களும் அவர்களுள் உண்டு. அவ்வளவு உழைத்தும், தாம் நிலைநாட்டப் போவது இதுவே என்று ஒற்றை வாக்கியத்தில் கூறி, அந்த வாக்கியத்துக்குத் தம்மைப் பிணையாக வைக்கத் துணியாமையே நான் சுட்ட விரும்பும் குறை. தர்க்க சாஸ்திரக்காரர் அவ்வாக்கியத்தைப் பிரதிக்ஞை என்பார்கள். ஆய்வு நெறிமுறை வகுப்புக்களில் அதையே கருதுகோள் என்றும், மையக் கருத்து என்றும், சிலர் தீஸிஸ் என்றுமே வழங்குகிறார்கள். பெயர் எதுவாயினும், அதன் தரத்தை அறிய ஒரு கேள்வி போதும்: விஷயம் தெரிந்தவரும் நியாய புத்தி உடையவருமான ஒருவர், அதைக் கேட்டு, 'எனக்கு அப்படித் தோன்றவில்லையே' என்று சொல்லுவதற்கு இடம் இருக்கிறதா? இடம் இல்லையானால், அது தகவலாக இருக்கலாம், மரியாதையாக இருக்கலாம், ஆசிரியருக்குச் சூட்டிய மாலையாகவும் இருக்கலாம். கட்டுரையின் பிரதிக்ஞையாக இருக்க முடியாது.

இந்த உரைகல்லை மேல்நாட்டிலிருந்துதான் இறக்குமதி செய்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறவர்கள், மணிமேகலையின் 29-ஆம் காதையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். கதையின் சுவைக்காகக் காவியத்தைப் படிக்கிற பலரும் தாண்டிச் சென்றுவிடும் வறண்ட பகுதி அது. வகுப்பில் அதை நடத்தும் ஆசிரியர்களும் கொஞ்சம் விரைவாகவே நடத்திவிடுவார்கள் என்று ஊகிக்கிறேன். காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தர்க்க முறையை உபதேசிக்கும் அவ்விடத்தில், சாதிக்க எடுத்துக்கொண்ட கூற்றாகிய பக்கம், அதற்குக் காரணமாகிய ஏது, விளக்கும் திட்டாந்தம் ஆகிய மூன்றும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதோடு, அவை எவ்வாறு போலியாகிவிடும் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்படுகிறது. பக்கப்போலி ஒன்பது. சத்தம் செவிக்குப் புலனாகாது என்று சொல்லுவதுபோலக் கண்கூடான அனுபவத்தோடு முரண்படுவது ஒன்று. தன் தாயை மலடி என்று ஒருவன் சொல்லுவதுபோலத் தன் வாக்கே தன்னை அழிப்பது மற்றொன்று. இவை எல்லோருக்கும் எளிதில் விளங்கக்கூடிய பிழைகள். கடைசியாக வைக்கப்பட்ட ஒன்பதாவது போலியே நம் கவனத்துக்கு உரியது. எதிர்வாதி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றை அவனிடமே சாதித்துக் காட்டப் புகுவது அது. சத்தம் அநித்தியம் என்று ஒரு பௌத்தனிடம் போய் வாதிப்பதை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார் காவிய ஆசிரியர் சாத்தனார். எல்லாமே அநித்தியம் என்பது அந்தப் பௌத்தனின் சொந்தக் கொள்கை. அவனிடம் இதை நிறுவ என்ன இருக்கிறது?

உண்மைக்கு மாறானதைச் சொல்லுவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை யாருமே மறுக்காத உண்மையைச் சாதிக்கப் புறப்படுவது என்று, இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்த அந்தத் தர்க்கிகர்களின் கண்டிப்பை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. அவர்களுடைய சபையிலே 'பாரதியார் பாடல்களில் தேசபக்தி — ஓர் ஆய்வு' என்ற ஏட்டோடு ஒருவர் எழுந்து நின்றிருந்தால், அவரை முதல் வாக்கியத்தோடேயே உட்கார வைத்திருப்பார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து நமக்கு வந்தது என்று தேடினால், சர்வகலாசாலையைக் குறை கூறுவதற்கு முன்பு பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில், கீழ்க்காணும் குறிப்புக்களைக் கொண்டு கட்டுரை ஒன்று எழுதித் தலைப்பிடுக என்று ஒரு வினா வரும்; அதன் கீழே 'முன்னுரை' என்று தொடங்கி 'முடிவுரை' என்று முடிகிற ஒரு சட்டகம், இடையிடையே சிறு கோடுகளிட்டு, தயாராகக் கொடுக்கப்பட்டிருக்கும். மரம் நடுவது நல்லது, நூலகம் பயனுள்ளது, சாலை விதிகளை மதிக்க வேண்டும் என்பன போன்ற முடிவுகளை வினா தயாரித்தவரே எடுத்துவிட்டிருப்பார். ஒவ்வொரு சிறு தலைப்பின் கீழும் நான்கைந்து வரிகளும், நினைவுக்கு வந்தால் ஒரு குறளும் எழுதி நிரப்புவது மாத்திரமே மாணவனுக்கு விடப்பட்ட வேலை. மரம் நடுவதை ஆக்ஷேபிப்பவர் உலகத்தில் யார் என்று அவன் கேட்பதற்கும் இடமில்லை, கேட்டால் மதிப்பெண்ணும் இல்லை. லட்சக்கணக்கான விடைத்தாள்களைச் சில வாரங்களில் ஒரே அளவுகோலால் திருத்தியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் இப்படி ஒரு முறை ஏற்பட்டிருப்பதை நான் உணராமல் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் இந்தச் சட்டகத்தை நிரப்பிப் பழகிய கை, முப்பதாவது வயதில் ஆய்வேடு எழுதும்போதும் யாராவது குறிப்புக் கொடுக்க மாட்டார்களா என்றே காத்திருக்கிறது, நெறியாளர் கொடுக்கிறார், கட்டுரை மறுபடியும் நிரம்புகிறது.

வலிமையான பிரதிக்ஞை எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே, நம் மொழியைப் பற்றியே, நூறு வருஷத்துக்கு முன் நடந்த ஓர் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டுகிறேன்.

மதுரையைச் சுற்றிலும் உள்ள குன்றுகளில், துறவிகள் வசித்த இயற்கைக் குகைகளில், வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளுக்கு அருகிலும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முகப்பிலும் சில குறுகிய வாசகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மாங்குளத்துக் கல்வெட்டுக்களை 1882-ஆம் வருஷத்திலேயே ராபர்ட் சிவெல் கண்டிருந்தார். எழுத்து, அசோக சக்கரவர்த்தியின் சாசனங்களில் உள்ள பிராமியைப் போன்றது. அசோகனுடைய சாசனங்களின் பாஷை பிராகிருதம். குகைகளில் இருந்தவர்களோ வட நாட்டுச் சமயங்களைச் சேர்ந்த துறவிகள். ஆகவே இந்த வாசகங்களும் பாலியாகவோ வேறு பிராகிருதமாகவோ இருக்க வேண்டும் என்று அக்காலத்துச் சாசன ஆராய்ச்சியாளர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணத்தில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. கையில் இருந்த சாட்சியங்களைக் கொண்டு யாரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். ஆனால் அந்தத் திறவுகோலைக் கொண்டு படிக்க முயன்றபோது, வாசகங்கள் பொருள் தராமல் பிடிவாதம் பிடித்தன. தெரிந்த சொல் ஒன்று தலை காட்டும். அடுத்த சொல் எந்தப் பாஷைக்கும் உரியதாகத் தோன்றாது.

இந்த நிலையில், 1924-ஆம் வருஷம் சென்னையில் கூடிய அகில இந்தியக் கீழ்த்திசைக் கலை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஒரு கட்டுரை படித்தார். இந்த வாசகங்களின் பாஷை தமிழ் என்பதே அவர் நிலைநாட்ட முற்பட்ட கூற்று. அந்தக் கூற்றைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சபையில் இருந்த அறிஞர்கள் அதை மறுக்கலாம். அவர்களுடைய துறையில் வழங்கிய அபிப்பிராயமே வேறாக இருந்தது. அதற்குக் கூறிய காரணங்களும் எவரும் பாறையிலேயே சரிபார்த்துக்கொள்ளத் தக்கவை. வர்க்க எழுத்துக்களுள் மூச்சோடு ஒலிக்கும் எழுத்துக்களும், மெல்லொலி பெற்ற க, ச, ட, ப முதலியவற்றுக்கு உரிய தனி வடிவங்களும் பிராகிருதத்தில் நிரம்ப வருபவை. இந்த வாசகங்களில் அவை மிக அரிதாகவே வருகின்றன. அசோகன் பிராமியில் இல்லாத சில புது வடிவங்களோ இங்கே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ழ, ள, ற, ன என்று கொண்டால் சொற்கள் வாய் திறக்கின்றன. பிராகிருதச் சொற்கள் ஆங்காங்கே கலந்திருப்பதையும் அவர் மறைக்கவில்லை. துறவிகளின் சமயத்தோடு கூடவே 'தம்மம்' போன்ற சொற்களும் வந்திருப்பது இயல்புதானே. கூற்று தவறாக இருந்திருந்தால், மேலும் பத்துக் குகைகளைத் தேடிப் படித்து, வர்க்க எழுத்துக்கள் ஏராளமாக வருவதைக் காட்டி, அதை வீழ்த்தியிருக்கலாம். எதைக் காட்டினால் தாம் தோற்றவர் ஆவோம் என்பதை அவருடைய வாக்கியமே எதிர்வாதியிடம் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அதற்குப் பின்னும் பிராகிருதம் என்றே வாதித்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு ஒரு வகையில் மகிழ்ச்சியையே தருகிறது. உயிர்க்குறிகளைப் பற்றிய சிக்கல் முற்றும் தீராமலே இருந்தது. அசோகன் முறைப்படி படித்தால் 'மாகான' என்று தோன்றுவதை 'மகன்' என்று படிக்க வேண்டும் என்பதற்கு ஒழுங்கான விதி தேவைப்பட்டது. 1960-களில் ஐராவதம் மகாதேவன் அந்த எழுத்து முறைகளை வகைப்படுத்தி, கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள சேர அரசர்களின் பெயர்களைப் பதிற்றுப்பத்தின் சேரர்களோடு இணைத்துக் காட்டினார். 2003-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் அந்தத் துறை முழுவதும் ஒழுங்கு பெற்றது. ஒரு வாக்கியம் பின்வந்தவர்களுக்கு எண்பது வருஷ காலம் வேலை கொடுத்திருக்கிறது. 'மதுரை மாவட்டக் குகைக் கல்வெட்டுக்கள் — ஓர் ஆய்வு' என்று சுப்பிரமணிய ஐயர் ஒரு விவரத் தொகுப்பை மாத்திரம் அளித்துச் சென்றிருந்தால், பின்வந்தவர்களுக்கு அது பட்டியலாகப் பயன்பட்டிருக்கும். சண்டை போடுவதற்குப் பயன்பட்டிருக்காது.

கல்வெட்டில் பாஷை இன்னதென்று நிச்சயிப்பது ஒரு விதம், கதையில் கருத்து இன்னதென்று சொல்லுவது வேறு விதம், இலக்கியத்தில் இவ்வளவு கறாராக இருக்க முடியுமா என்ற ஆக்ஷேபணை எழுவது நியாயந்தான். ஆதலால் 'ஜெயகாந்தன் படைப்புக்களில் பெண்கள்' என்ற, எத்தனையோ மாணவர்கள் எடுத்துக்கொண்டிருக்கக் கூடிய பொருளையே பார்ப்போம். ஜெயகாந்தன் பெண்களின் துயரத்தை அனுதாபத்தோடு எழுதினார் என்பது பௌத்தனிடம் சொல்லும் அநித்தியம். இதைக் கொஞ்சம் சுருக்கி, 1966-இல் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' என்ற ஒரு கதையை மாத்திரம் எடுத்து, கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி அவளைத் தூயவள் என்று ஏற்றுக்கொள்ளும் தாயின் மூலம் ஆசிரியர் பழைய கற்புக் கோட்பாட்டை மறுக்கிறார் என்று சொன்னால், முன்னதைவிட நன்று. ஆனால் கதையைப் படித்த அனைவரும் தலையசைத்துவிடுவார்கள்.

இப்போது மாணவன் கதையைத் திரும்பப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு நேர்ந்ததைக் கேட்டதும் தாய் அலறிவிடுகிறாள். குரல் கேட்டு அக்கம்பக்கத்தார் என்னவென்று விசாரிக்கிறார்கள். மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று ஒரு சாக்கைச் சொல்லி அந்தத் தாய் அவர்களை அனுப்பிவிடுகிறாள். அதற்குப் பிறகே தண்ணீர் வருகிறது. பின்னால் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலிலோ (1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது) தாய் அந்தச் சாக்கைச் சொல்லாமல் போகிறாள், விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், மகளாகிய கங்காவின் வாழ்க்கை திசை மாறுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு மாணவன் இப்படி எழுதலாம்: 'அக்கினிப் பிரவேசத்தில் மகளைக் காப்பாற்றுவது தாய் ஊற்றிய தண்ணீரைக் காட்டிலும் தாய் சொன்ன பொய்யே, ஆகவே அக்கதை கற்புக் கோட்பாட்டை மறுக்கவில்லை, அதன் கண்ணில் படாமல் தப்பிக்கும் வழியைக் காட்டுகிறது, ஜெயகாந்தன் இதை உணர்ந்ததன் விளைவே அந்த நாவல்.'

இந்தக் கூற்றுச் சரியா? எனக்கே அதன் பின்பாதியில் முழுச் சம்மதம் இல்லை. தண்ணீர் ஊற்றும் இடத்தில் தாய் பேசும் பேச்சின் உக்கிரத்தை இந்த வாதம் போதுமான அளவு மதிக்கவில்லை என்பேன். நான் பரீட்சகனாக உட்கார்ந்தால் அங்கேதான் முதலில் கை வைப்பேன். அப்படிக் கை வைக்க ஓர் இடம் கிடைத்தது என்பதே அந்த வாக்கியத்தின் சிறப்பு. எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும், எந்த வரியை எடுத்துக் காட்ட வேண்டும் என்று அவனுக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. எந்த மேற்கோள் வேண்டாதது என்பதும் தெரிகிறது. கட்டுரையில் எதை விடுவது என்று தெரியாமல் தவிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை. நன்னூலார் நூற்குற்றங்களில் ஒன்றாக வைத்த 'மற்றொன்று விரித்தல்' அநேகமாக அறியாமையால் நிகழ்வதில்லை. எடுத்த கூற்று இன்னதென்று தீர்மானமாகாத இடத்தில், எதை விரித்தாலும் அது மற்றொன்றா அல்லவா என்று சொல்ல யாராலும் முடிவதில்லை.

வலிமை என்றவுடன் குரலை உயர்த்துகிறவர்களும் நம்மிடையே உண்டு. உலக மொழிகள் அனைத்துக்கும் தாய் தமிழே என்று முழங்கும் நூல்களைப் படித்திருக்கிறோம். கேட்பவரைத் திகைக்க வைக்கும் பிரதிக்ஞைதான்; மறுப்பவர்களும் ஏராளம். ஆனால் எந்தச் சான்றைக் காட்டினாலும் அதையும் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் வித்தை அந்நூல்களில் இருக்கிறது. பிற மொழியில் ஒத்த சொல் கிடைத்தால் தமிழிலிருந்து போனது. கிடைக்காவிட்டால் காலப்போக்கில் திரிந்து மறைந்தது. எல்லிஸ் துரை 1816-இல் காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்குறிப்பில் இவ்வளவு பெரிய ஆசை எதுவும் இல்லை. தெலுங்கு சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்று அந்நாளில் பெரிய பண்டிதர்கள் கூறிவந்ததை மறுத்து, தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகியவற்றின் தாதுக்களைப் பட்டியலிட்டு ஒப்பிட்டு, அவை வேறோர் இனம் என்று மாத்திரம் காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதன்மேல் கட்டடம் எழுப்பினார். அடக்கமாகச் சொன்ன அந்தக் கூற்று இன்றும் நிற்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் வருஷத்து மாணவர்களுக்கு, இந்த வாக்கியத்தை முதல் பத்தியின் கடைசியில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பழகுகிற கைக்கு அது நல்ல விதி. அதற்கு மேல் அதைப் பூஜிக்க வேண்டியதில்லை. எங்கே வைப்பது என்பதைக் காட்டிலும் எப்போது எழுதுவது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் நாளே எழுதிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. ஆராய்ச்சி முடியட்டும், தானாகப் புலப்படும் என்பது மற்றொரு கட்சி. முதலாவது கட்சியார் சொல்கிறபடி எழுதினால் முன்முடிவுக்கு ஏற்பச் சான்று தேடுகிற ஆபத்து இருக்கிறது. இரண்டாவது கட்சியார் சொல்கிறபடி காத்திருந்தால் ஒன்றும் புலப்படாமலே காலக்கெடு வந்துவிடுகிறது. முதல் நாளே ஒன்றை எழுதி வைத்து, ஒவ்வொரு இயல் முடியும்போதும் அதைத் திருத்தி, கடைசி இயல் முடிந்த பிறகு முன்னுரையை மீண்டும் புதிதாக எழுதுவதே நல்ல கட்டுரையாளர்கள் பெரும்பாலும் கைக்கொள்ளும் வழி. முதலில் எழுதிய வாக்கியம் அடையாளம் தெரியாமல் மாறிப்போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நம் சர்வகலாசாலைகளின் ஏற்பாடு இதற்கு நேர்விரோதமாக இருக்கிறது. ஆய்வாளர் பெயரைப் பதிவு செய்துகொள்ளும்போதோ, சற்றுப் பின்னரோ, தலைப்பு உறுதி செய்யப்பட்டுவிடுகிறது. பிறகு மாற்ற வேண்டுமானால் விண்ணப்பம், குழு, ஒப்புதல் என்று பல இடங்களில் அலைச்சல். ஒன்றையும் இன்னும் கண்டறியாத ஒருவர் உறுதி செய்யும் தலைப்பு 'ஓர் ஆய்வு' என்று முடியாமல் வேறு எப்படி முடியும்? எனவே பதிவின்போது பொருளை மாத்திரம் குறித்துக்கொண்டு, தலைப்பை ஏட்டைச் சமர்ப்பிக்கும்போது கொடுத்தால் போதும் என்று விதியைத் தளர்த்த வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். இரண்டாவது, ஆய்வுச் சுருக்கத்தின் முதல் பக்கத்தில் இரண்டே இரண்டு வாக்கியங்களைக் கட்டாயமாக்குவது: இந்த ஏடு நிலைநாட்டும் கூற்று இது, இதை மறுக்கிறவர் சொல்லக்கூடியது இது. இரண்டாவது வாக்கியத்தை எழுத முடியாதவர் முதல் வாக்கியத்தை இன்னும் எழுதவில்லை என்று நெறியாளர் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, பொது வாய்மொழித் தேர்வைப் பற்றியது. பொன்னாடையும் பழத்தட்டும் குழுப்படமும் சிற்றுண்டியுமாக அது ஒரு மங்கள காரியம்போல நடந்து முடிவதைப் பார்க்கிறோம். சபையிலிருந்து கேள்வி கேட்பவர்கள்கூட முதலில் வாழ்த்திவிட்டு, அட்டவணையில் ஓர் அச்சுப்பிழையைச் சுட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உரையாசிரியர்கள் வாழ்ந்த நாட்டில், முன்னோர் உரையைக் காட்டி, அது பொருந்தாது என்று மறுத்து, தம் உரையை நிறுவிய சேனாவரையர் வாழ்ந்த நாட்டில், இவ்வளவு மரியாதை தேவையில்லை. தேர்வு நாளுக்கு முன்பே அந்த இரண்டு வாக்கியங்களைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மறுப்பதற்கென்றே வெளித் துறை ஆசிரியர் ஒருவரை நியமித்து, அவர் பேசி முடித்த பிறகு ஆய்வாளர் பதில் சொல்லட்டும். மாணவர் மனம் புண்படும் என்று சில நெறியாளர்கள் அஞ்சலாம். அந்த அச்சம் மாணவரைப் பற்றியதா, நெறியாளரைப் பற்றியதா என்பதை முதல் இரண்டு மூன்று தேர்வுகள் முடிந்தால் தெரிந்துகொள்ளலாம். சிற்றுண்டியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.